பந்துக்குப் பின்னால் நிற்பவர்

கோல்ஃப் மட்டையைக் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஹாஜா பந்துக்குப் பின்னால் நிற்கிறார். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போல ஒரு நிற்பு. காய்ந்த குளத்தின் நடுவே, எருமைகளின் குளம்புப் பள்ளங்களுக்கு இடையில், பந்து வெள்ளையாகக் கிடக்கிறது. எதிர்க்கரையில் ஒற்றைப் பனை. அவர் பனையைப் பார்க்கிறார் என்று நினைத்தால் தவறு. பனையைப் பார்த்து முடித்தாயிற்று. பந்துக்கு ஒரு முழம் முன்னால், பனைக்குப் போகும் அதே கோட்டில், தரையில் ஏதாவது கிடக்கிறதா என்று தேடுகிறார். காய்ந்த சாணித் துணுக்கு ஒன்று அகப்படுகிறது. மட்டை இறங்குகிறது.

"தூரத்துப் பனைக்கு யாரால வே குறி வச்சு அடிக்க முடியும்? காலடியில கெடக்க சாணிக்கு மேல கூடி பந்த அனுப்பத் தெரிஞ்சா போதும். அது தன்னால பனைக்குப் போயிரும்."

அடுத்து, பந்தைத் தொடாமல் காற்றில் ஒரு வீச்சு. மட்டையின் அடி, புல் நுனியை மட்டும் உரசிப் போக வேண்டும். பிறகு பக்கவாட்டில் வந்து முதலில் மட்டையின் முகத்தைப் பந்துக்குப் பின்னால் வைப்பார், கால்கள் அதற்கப்புறம்தான். உதடு பிஸ்மில்லாஹ் என்று அசையும். மூச்சு வெளியே போகும்போது தோள் இரண்டும் இறங்கும். பனையை நோக்கி ஒரே ஒரு பார்வை, உடனே அடி. அந்தப் பார்வைக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது என்பார். "மனசு வாசலுக்கு வந்து செருப்ப மாட்டுததுக்குள்ள அடிச்சிரணும். அதுவும் கூட கெளம்பி வந்துட்டுன்னா சோலி முடிஞ்சுது."

நடுவில் கரைமேல் போகிற மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தால், விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார். மறுபடி பந்துக்குப் பின்னால் போய், மறுபடி ஒரு கண்ணை மூடுவார். மேலப்பாளையத்தில் அவரைப் பற்றி, "ஹாஜா பாய் பந்துக்கு ஓதிப் பாக்காரு" என்று ஒரு பேச்சு உண்டு.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பு இந்தக் குளத்துக்கு அருகில். கோடையில் குளம் வற்றியதும் சாயங்காலம் குறுக்கே நடப்பேன். அசர் தொழுகை முடிந்து ஹாஜா வரும் நேரமும் அதுதான். கட்டம் போட்ட கைலி, அதன் கீழே யாரோ கழித்துப் போட்ட வெள்ளை கோல்ஃப் ஷூ, தலையில் எழுத்து மங்கிய தொப்பி. கையில் ஒரே ஒரு மட்டை. கோல்ஃப் மட்டைகளுக்கு நம்பர் உண்டு, அதை 'ஏழாம் நம்பர்' என்பார். கால்வாயில் தண்ணீர் திறந்து குளம் பெருகிவிட்டால் வீட்டு மொட்டைமாடிக்கு மாறிவிடுவார். அங்கே பழைய மீன்வலையைத் தொங்கவிட்டு அதற்குள் அடிப்பார்.

ஷார்ஜாவில் ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கும் வண்டி ஓட்டியவர் ஹாஜா. சுற்றிலும் கம்பிவலை அடைத்த சின்ன வண்டி. பணக்காரர்கள் வரிசையாக நின்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். இவர் எதிரே போய் வாரிக்கொண்டே இருப்பார். வண்டியையே குறிவைத்து அடிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. பந்து கம்பியில் டொக்கென்று மோதினால் அங்கே சிரிப்பு எழும். வேலையாட்கள் மட்டையைத் தொடக்கூடாது. "பொறாமையில வெந்தேன் வே. வெயில்ல இல்ல" என்பார். ஆனால் கம்பிக்குள் உட்கார்ந்தபடி ஒன்றைக் கவனித்திருக்கிறார். "நல்லா அடிக்கவன் எல்லாரும் ஒரே மாதிரி நிக்கல. ஒருத்தன் தொப்பியத் தொடுவான், ஒருத்தன் காலத் தேய்ப்பான். ஆனா ஒவ்வொருத்தனும் எல்லாத் தடவையும் தன்னை மாதிரியே நின்னான். கெட்டுப்போற பயதான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆளா நிப்பான்."

ஊர் திரும்பிய பின் தனக்கு ஒரு நிற்பை உண்டாக்கிக்கொள்ள அவருக்கு ஒரு கோடை முழுவதும் பிடித்தது. ஆரம்பத்தில் அதில் இல்லாதது இல்லை. புல்லைப் பிய்த்துப் போட்டுக் காற்றுப் பார்ப்பது, கைலியை மடித்துக் கட்டுவது, மட்டையைத் துடைப்பது, கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்குவது எல்லாம் இருந்தன. ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அவர் மனைவி நஃபீஸத் கரையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிக்காஹ் அன்னிக்கு மாப்பிள்ளை கெளம்பக்கூட இவ்வளவு நேரம் ஆகல." மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிந்தது. எது இல்லாவிட்டால் பந்து கோணுகிறதோ அது மட்டும் மிஞ்சியது.

பொறாமையைப் பற்றி அவர் கூசாமல் பேசுவார். மற்றவர்கள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, வாயால் மாஷா அல்லாஹ் சொல்லும் இடத்தில், ஹாஜா முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். முகம்மது சுல்தான் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியை மறுசோறு வாங்கித் தின்றுகொண்டே, "சுல்தானே, எனக்கு வயிறு எரியுது வே. எம் மவ கல்யாணத்துல கறி இப்படி வேகலியே" என்றார். சுல்தானுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அன்று கிடைக்கவில்லை. என் கல்லூரி வேலையைப் பார்த்துப் பொறாமை, பக்கத்து வீட்டு முருங்கை காய்ப்பதில் பொறாமை. சொல்லிவிட்டால் ஆறிவிடும் அவருக்கு. அதனால் யாரும் அவரைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரே ஓர் ஆளைப் பார்த்து மட்டும் அவர் சொன்னதில்லை. அது ரசீத். நஃபீஸத்தின் தம்பி, பஜாரில் அத்தரும் வெளிநாட்டுச் சாமானும் விற்கிறவன். கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தகப்பன். அவன் இந்தக் கதைக்குள் வந்தபோது நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

அன்று கடைக்குப் போகிற வழியில், அக்கா கொடுத்தனுப்பிய தேநீர்ப் பாத்திரத்தோடு குளத்துக்குள் இறங்கி வந்தான் ரசீத். ஹாஜா தேநீரை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சும்மா மட்டையை எடுத்தான். ரப்பர் செருப்பு, ஒரு கையில் கடைச்சாவி. சாவியைக் கைலி மடிப்பில் செருகினான். நின்றது போலவும் இல்லை, குறிபார்த்தது போலவும் இல்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். நல்ல அடிக்கு மட்டும் கேட்கும் சத்தம் அது என்று எனக்கு ஹாஜா முன்பே சொல்லியிருக்கிறார். பந்து கருவேல மரங்களுக்கு மேலே எழும்பி, பனையைத் தாண்டிக் கரைக்கு அப்பால் போயிற்று.

"எங்கன போச்சு?" என்றார் ஹாஜா. குரல் ஒருமாதிரி இருந்தது.

"தெரியலியே மச்சான். நான் பாக்கலையே."

சொல்லிவிட்டு ரசீத் போய்விட்டான். தேநீர் ஆறும்வரை ஹாஜா அதைக் குடிக்கவில்லை. எரியுது வே என்று சொல்வார், சிரித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இது வேறு ரகம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன்பின் ரசீத் அடிக்கடி வந்தான். அவனுக்கு அது பொழுதுபோக்கு. கடையில் இருட்டிய பிறகுதான் கூட்டம் வரும். இருவரும் மாறி மாறி அடிப்பார்கள். ரசீத் அடிக்கும்போது ஹாஜா குனிந்து ஷூக் கயிற்றை இறுக்குவார், அல்லது தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார். 'டிக்' சத்தம் மட்டும் காதில் விழாமல் இராது. உடனே எழுந்து தன் பந்துக்குப் பின்னால் போய், மட்டையைத் தொங்கவிட்டு, சாணியைத் தேடுவார். முன்னைவிடக் கவனமாகத் தேடுவார். நஃபீஸத்துக்கு இது தெரியாமல் இல்லை. "ஒருத்தர் புருஷன், ஒருத்தன் தம்பி. நான் யாருக்குன்னு அங்கலாய்க்க? ரெண்டு பேருக்கும் ஒரே மீன்கொழம்பத்தான் ஊத்துதேன்" என்றார் என்னிடம்.

இந்த நிலையில்தான் தளவாய் அண்ணாச்சி வந்தார். வீட்டுமனை போட்டு விற்பவர். சேரன்மகாதேவி சாலையில், பத்தமடைக்கு முன்னால், ஒரு பெரிய மனைப்பிரிவு போட்டு, அதன் மூலையில் புல் வளர்த்து, ஆறு குழி வெட்டி, கொடி நட்டிருந்தார். மனை வாங்குகிறவர்களுக்கு கோல்ஃப் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். மேலப்பாளையத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ரெண்டு பேரும் வாங்க. அடிச்சுக் காட்டுங்க. கண்ணால பாத்து முடிவு பண்ணிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வேலைக்காக ஹாஜா அடுத்து வந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. "பொறுக்குதவனாவே திரும்பி வந்தேன் வே. ஒரு தடவையாவது அடிக்கவன்னு பேர் வாங்கணும்" என்று என்னிடம் சொன்னார். போட்டி அன்று துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். பேருந்தில் அவர் முன்னால் உட்கார்ந்தார், ரசீத் பின்னால்.

மனைப்பிரிவின் மூலையில் ஒரு குட்டை, அதற்கு அப்பால் கொடி. ரசீத் போனான், மட்டையை வாங்கினான், அடித்தான். பந்து கொடிக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. மனை பார்க்க வந்திருந்த குடும்பங்கள் கை தட்டின. தளவாய் அண்ணாச்சி, "அடி சக்கை" என்றார்.

ஹாஜா பந்துக்குப் பின்னால் போய் ஒரு கண்ணை மூடினார். காற்றில் வீசினார். மட்டையின் முகத்தை வைத்தார். அண்ணாச்சியின் கைபேசி அலறியது. "ஆங், சொல்லுங்க, கிழக்குப் பாத்த மனைதான்..." ஹாஜா விலகினார். மறுபடி பின்னால் போனார். மறுபடி கண், மறுபடி வீச்சு. கைபேசி மறுபடி அலறியது. அடித்துத் தொலைக்கக் கூடாதா இந்த மனிதர் என்று இருந்தது. அவர் மூன்றாவது முறையும் பின்னால் போனார். அதற்குள் அண்ணாச்சி அந்தக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு, கையை நீட்டித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியபடி, எங்களுக்கு முதுகைத் திருப்பி நடந்துகொண்டிருந்தார்.

'டிக்.'

பந்து கொடிக்கம்பை உரசாத குறையாக விழுந்து, ஒரு கை தூரத்தில் நின்றது. நான் பார்த்தேன். ரசீத் பார்த்தான். அண்ணாச்சி திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு பந்துகளில் எது யாருடையது என்று அங்கிருந்து யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்தேன். ஹாஜா என் கையைப் பிடித்து அழுத்தினார். கேட்டு வாங்குகிற பெயர் அவருக்கு வேண்டாமாம்.

"தம்பி கை சுத்தமா இருக்கு" என்றார் அண்ணாச்சி. "மச்சான் நல்லாத்தான் அடிக்காரு போல. ஆனா நேரம் எடுக்காருல்லா? பாக்க வாரவனுக்குப் பொறுமை இருக்காது."

ரசீத் தலையைக் குனிந்தபடி, சரி அண்ணாச்சி என்றான்.

அதன்பின் ஹாஜா குளத்துக்கு வரவில்லை. சாயங்கால நடையில் அந்த இடத்தைத் தாண்டும்போது எருமைகள் மட்டும் நிற்கும். ஒருநாள் வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடியில், வலைக்கு முன்னால் பந்தை வைத்து, பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடினார், வீசினார், மட்டையை வைத்தார். பிறகு அடிக்காமல் எடுத்துக்கொண்டு மறுபடி பின்னால் போனார். "மனசு செருப்பு மாட்டிட்டு முன்கூட்டியே நிக்கி வே" என்றார். கீழே நஃபீஸத் என்னிடம் கிசுகிசுத்தார்: "தம்பி பேரச் சொன்னா தட்டத்த தள்ளி வச்சிருதாங்க."

ரசீத் அங்கே என்ன பாடுபட்டான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் கற்க வந்தவர் ஸ்வீட்லின் என்ற வங்கி அதிகாரி, பாளையங்கோட்டைக்காரர். ரசீத் அடித்துக் காட்டியிருக்கிறான். "எப்படித் தம்பி அடிச்சீங்க?" என்று அவர் கேட்டிருக்கிறார். "சும்மா அடிக்க வேண்டியதுதாங்க்கா." அவர் அடித்தார், மட்டை மண்ணைப் பெயர்த்தது. "கைய எங்க வைக்கணும்? எதைப் பாக்கணும்? மூச்சு?" அவர் கேட்கக் கேட்க, ரசீத் தன் கை எங்கே இருக்கிறது என்று வாழ்நாளில் முதன்முறையாகக் குனிந்து பார்த்தான். அதோடு போயிற்று. அடுத்த பந்து தரையோடு ஓடியது. அதற்கடுத்தது குட்டைக்குள் விழுந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு நான் ஹாஜா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ரசீத் வந்தான். அக்காவைத் தேடி அடுப்படிக்குப் போகாமல் நேராக ஹாஜாவின் முன்னால் நின்றான்.

"மச்சான், கை போயிட்டு."

ஹாஜாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனதை நான் பார்த்தேன். அவராலேயே அதை மறைக்க முடியவில்லை. "எங்கன போச்சு?" என்றார்.

"தெரியல. ஒண்ணும் படமாட்டேங்குது." சுவரோரம் உட்கார்ந்தான். "அன்னைக்கு உங்க பந்து எங்கன விழுந்துதுன்னு நான் பாத்தேன் மச்சான். அண்ணாச்சிட்ட நான் சொல்லிருக்கணும். சொல்லல."

"வேலைக்காகவா?"

"இல்ல. வேலை கெடக்கு, எனக்குக் கடை இருக்கு." நிமிர்ந்தான். "நீங்க பந்துக்குப் பின்னால போயி நிக்கீங்கள்லா? அந்நேரம் உலகத்துல ஒண்ணுமே வேண்டாங்கிற மாதிரி நிக்கீங்க. அவரு போன்ல கத்துதாரு, சனம் சிரிக்கி, உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு அப்படி ஒரு நேரம் வாச்சதே இல்ல மச்சான். அடிச்ச பந்து எங்க போச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. குளத்துல பாத்த அன்னைலேருந்து எனக்கு எரியுது."

நஃபீஸத் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார். ஹாஜா அவனை வெறித்துப் பார்த்தார். பிறகு இருமல் போல ஒன்று தொடங்கி, அது சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஏலே கோட்டிக்காரா. ஒண்ணும் வேண்டாம்னா நிக்கேன்? நீ அடிச்ச பந்து எங்கன விழுதுன்னு என் கண்ணு போயிரக் கூடாதுன்னுல்லா அந்தச் சாணியப் பிடிச்சிட்டு நிக்கேன். உன்னப் பாத்து எனக்கு எரியுத எரிச்சலுக்கு, அது மட்டும் இல்லன்னா மட்டைய உன் தலையில போட்டிருப்பேம்லே."

"என்னையவா?" என்றான் ரசீத். உண்மையிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பின்ன யார? உங்க வாப்பாவையா?"

"எம் வாப்பாவ எதுக்கு இழுக்கீங்க?" என்று நஃபீஸத் கரண்டியை ஓங்கினார். சோறு வந்தது. மீனின் நடுத்துண்டு யாருக்கு விழுந்தது என்று இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

அன்று சாயங்காலமே ஹாஜா அவனோடு மனைப்பிரிவுக்குப் பேருந்து ஏறினார். இப்போது வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறார். தளவாய் அண்ணாச்சி ஒன்றும் அறிவிக்கவில்லை. காவல்காரரிடம் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார், அவ்வளவுதான். ஸ்வீட்லினை ஹாஜா முதல் நாள் பந்தே அடிக்க விடவில்லை. பின்னால் நிற்க மட்டும் வைத்தார். "பைய. உங்களுக்குன்னு ஒரு நிப்பு வரட்டும். என்னைப் பாத்து நிக்காதீங்க. பாத்துப் பழகினா என் பொறாமையும் சேந்து வந்துரும்." அந்த அம்மாள் சிரித்தார். ஹாஜா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் வாரம் ஸ்வீட்லின் அடித்த பந்து குட்டையைத் தாண்டியது.

ரசீத்தின் கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சில நாள் பழைய சத்தம் கேட்கும், சில நாள் மண் பறக்கும். "அவன் கை திரும்பிட்டுன்னா எனக்கு எரியும் வே" என்றார் ஹாஜா, போன வாரம், நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "திரும்பலன்னாலும் வயிறு என்னமோ செய்யுது. இது என்ன சனியன்னு தெரியல."

வெயில் மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். ரசீத் தனியாக ஒரு பந்தை வைத்து, பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். நிற்பு அவனுக்கு இன்னும் படியவில்லை. கடன் வாங்கிய சட்டை போல் தொங்கியது. பக்கவாட்டில் வந்து, மட்டையை வைத்து, கால்களை வைத்தான். பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று ஹாஜா எழுந்து அவனுக்கு மேற்கே போய் நின்றிருந்தார். அவருடைய நிழல் நீண்டு போய்ப் பந்தின் மேல் சரியாக விழுந்தது. ரசீத் கண்ணைச் சுருக்கினான்.

ஹாஜா தன் நிழலைப் பார்த்தார். பந்து அதற்குள் கறுத்துக் கிடந்தது. தொப்பியை ஒருமுறை கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார், நிழலும் போட்டுக்கொண்டது. ரசீத்தின் தோள்கள் மெல்ல இறங்கத் தொடங்கின. ஹாஜா காலைத் தூக்காமல், அவன் கண்ணில் அசைவு படாதபடி, ஷூவின் முனையால் தரையைத் தடவித் தடவி, இரண்டடி தள்ளிப் போய் நின்றார். பந்தின் மேல் மறுபடி வெயில் பட்டது.